ஸ்டென்ட், ஆஸ்பிரின், தட்டணுக்கள்: மருந்துக்கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை கோரிப்பாளையத்தில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். பெரியாஸ்பத்திரியிலோ பக்கத்துத் தனியார் மருத்துவமனைகளிலோ இருந்து மாரடைப்புக்கு வைத்தியம் முடிந்து டிஸ்சார்ஜ் ஆகி, சீட்டும் கையுமாக நேரே கடைக்கு வருகிறவர்கள் நிறைய. மேலூருக்கும் உசிலம்பட்டிக்கும் பஸ் பிடிக்கிற அவசரத்திலும், டாக்டரிடம் கேட்கத் தயங்கியதை எங்களிடம் கேட்டுவிடுவார்கள். ஒரே சந்தேகங்கள்தான் ஆள் மாற்றி ஆள் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் வார்த்தையிலேயே இங்கே வைத்திருக்கிறேன்.

மாத்திரையின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் நிறுத்துவதும் உங்கள் டாக்டர் முடிவு. அந்த மாத்திரை உள்ளே போய் என்ன செய்கிறது என்பதைத்தான் நான் சொல்கிறேன். அது தெரிந்தவர்கள் பாதியில் விடமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

1. தட்டணுன்னா டெங்கு வந்தா குறையுமே, அதுதானே தம்பி? அதுக்கும் ஹார்ட்டுக்கும் என்ன சம்பந்தம்?

அதேதான். எலும்பு மஜ்ஜையில் இருக்கும் பெரிய செல்களிலிருந்து பிய்ந்து வரும் சின்னஞ்சிறு துண்டுகள் அவை. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்கும். ஒவ்வொன்றும் ஏழு முதல் பத்து நாள் வரை வாழும். உட்கரு கிடையாது. இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 6-ஆம் கேள்வியில் தேவைப்படும்.

அரிவாள்மனையில் விரல் பட்டால் ரத்தம் தானாக நிற்பதற்கு முதல் காரணம் இவைதான். வெட்டுப்பட்ட இடத்தில் ஒட்டி, ஒன்றோடொன்று சேர்ந்து, ஓட்டையை அடைக்கும். அதே வேலையை மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலமே உள்ள இதயத் தமனிக்குள் செய்தால் ரத்த ஓட்டம் நின்றுவிடும். அதுதான் மாரடைப்பு.

2. கொழுப்பு அடைச்சுத்தானே அட்டாக் வருது? ரத்தக்கட்டி எங்கிட்டு இருந்து வந்துச்சு?

கொழுப்பு படிவது பல வருட வேலை. குழாயின் சுவருக்குள்ளே கொழுப்பு சேர்ந்து, அதன் மேல் மெல்லிய நார்மூடி ஒன்று இருக்கும். அந்த மூடி கிழியும்போது, உள்ளே இருந்த சரக்கு ரத்தத்தில் படுகிறது. அந்த இடத்தில் சில நிமிடங்களிலேயே ரத்தக்கட்டி உருவாகிக் குழாயை மூடிவிடலாம். சிலருக்கு மூடி கிழியாமல், குழாயின் உள்தோல் மட்டும் உரிந்தும் கட்டி உருவாவதுண்டு.

ஒரு காலத்தில் இதிலேயே மருத்துவர்களுக்குள் சந்தேகம் இருந்தது. மாரடைப்பால் கட்டி வருகிறதா, கட்டியால் மாரடைப்பு வருகிறதா என்று வாதாடினார்கள். 1980-இல் அமெரிக்காவில் டிவுட் என்ற மருத்துவரும் குழுவினரும், மாரடைப்பு வந்த நான்கு மணி நேரத்துக்குள்ளேயே ஆஞ்சியோ எடுத்துப் பார்த்தார்கள். 87 சதவீதம் பேருக்குக் குழாய் முழுதாக அடைத்திருந்தது. கட்டிதான் காரணம் என்பது அதன் பிறகு உறுதியானது.

3. குழாய் கிழிஞ்சது தட்டணுவுக்கு எப்படித் தெரியும்? யாரு போய்ச் சொல்றா?

இந்தப் பக்கத்தில் முக்கியமான கேள்வி இதுதான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

குழாய்ச் சுவருக்குள் கொலாஜன் என்ற நார்ப்புரதம் இருக்கிறது. சாதாரணமாக அது ரத்தத்தின் கண்ணில் படாது. சுவர் கிழிந்தால் வெளியே தெரியும். ரத்தத்தில் மிதக்கும் வான் வில்லிபிராண்ட் காரணி என்ற புரதம் அதில் ஒட்டிக்கொண்டு, வேகமாக ஓடுகிற தட்டணுக்களைப் பிடித்து நிறுத்துகிறது. நின்ற தட்டணு கொலாஜனைத் தொட்டதும் தூண்டப்படுகிறது. தட்டை வடிவம் மாறி, முள் முள்ளாகக் கை நீட்டுகிறது. அப்புறம் தன்னிடம் சேமித்து வைத்திருக்கும் ரசாயனங்களை வெளியே கொட்டுகிறது. அதில் முக்கியமானது ஏடிபி (ADP). கூடவே செரட்டோனினும் வரும். அதே நேரத்தில் திராம்பாக்ஸேன் ஏ2 என்ற இன்னொன்றைப் புதிதாகத் தயாரித்தும் அனுப்புகிறது. கிழிந்த சுவரிலிருந்து கிளம்பும் திசுக்காரணியால் திராம்பின் என்ற நொதி உருவாகிறது. தட்டணுக்களை எழுப்புவதில் திராம்பினுக்கு இருக்கிற வலு பெரியது.

ஏடிபி, திராம்பாக்ஸேன், திராம்பின் மூன்றும் பக்கத்தில் போகும் தட்டணுக்களைத் தொடுகின்றன. அவையும் தூண்டப்பட்டு அதே ரசாயனங்களைக் கொட்டுகின்றன. கோயில் வாசலில் ஒரு பெண் குலவை போட்டால் அடுத்தடுத்து நிற்பவர்களும் சேர்ந்துகொள்வது போல, ஒன்று ஆரம்பித்தது ஆயிரமாகிவிடும்.

எந்தச் செய்தி வந்தாலும் கடைசியில் நடப்பது ஒன்றே. தட்டணுவின் மேற்பரப்பில் இருக்கும் ஜிபி 2பி/3ஏ என்ற பிடிப்பான்கள் திறந்துகொள்ளும். ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தின் ஒரு முனையை ஒரு தட்டணுவும் மறு முனையை இன்னொரு தட்டணுவும் பிடித்துக்கொள்ளும். திராம்பின் அந்த ஃபைப்ரினோஜனை ஃபைப்ரின் நூலாக மாற்றி வலை பின்னிவிட்டால் கட்டி இறுகிவிடும்.

4. அப்ப நமக்கெல்லாம் தினமும் ஏன் அடைக்கல?

குழாயின் உள்தோல் சும்மா இருப்பதில்லை. நைட்ரிக் ஆக்ஸைடு, புரோஸ்டாசைக்ளின் என்ற இரண்டையும் விடாமல் சுரந்து, தட்டணுக்களை அமைதியாக வைத்திருக்கிறது. தப்பித்தவறி ஏடிபி வெளியே வந்தால், அதை உடைத்துப்போடும் நொதியும் அந்தத் தோலிலேயே இருக்கிறது.

பீடி, சிகரெட், கட்டுப்படாத சர்க்கரை, ரத்தக்கொதிப்பு எல்லாம் முதலில் கெடுப்பது இந்த உள்தோலைத்தான். புகை தட்டணுக்களையும் நேரடியாக முறுக்கிவிடுகிறது. குழாயைத் திறந்து வைக்க ஸ்டென்ட் வைத்த பிறகும் கடைக்கு வெளியே நின்று பற்றவைக்கிறவர்களைப் பார்க்கும்போது உண்மையாகவே மனசு அடித்துக்கொள்கிறது. உள்ளே மாத்திரை ஒரு வாயை அடைக்க, புகை இன்னொரு வாயைத் திறந்துவிடுகிறது.

5. எங்க அப்பாவுக்கு போன வருசம் ஆஞ்சியோல நாப்பது பர்சென்ட்தான் அடைப்புன்னாங்க. எப்படிங்க அட்டாக் வந்துச்சு?

பலரைக் குழப்பும் விஷயம் இது. நாற்பது சதவீதம் என்பது குழாய் எவ்வளவு குறுகியிருக்கிறது என்ற கணக்கு. மூடி எவ்வளவு மெல்லியது, எப்போது கிழியும் என்பதை அந்த எண் சொல்லாது. பாதிகூட அடைக்காத இடங்களிலேயே பல மாரடைப்புகள் தொடங்குகின்றன. மீதி அறுபதை ஒரே காலையில் தட்டணுக்கள் அடைத்துவிட்டன என்று புரிந்துகொள்ளுங்கள். அடைப்பு கம்மிதானே என்று கொழுப்பு மாத்திரையை விடக்கூடாது என்பதற்கும் இதுவே காரணம். அந்த மாத்திரை மூடியைக் கெட்டிப்படுத்துகிறது.

6. ஆஸ்பிரின் தலைவலி மாத்திரைதானே? அதைப் போய் ஹார்ட்டுக்குக் கொடுக்குறாங்க?

தலைவலிக்குப் போடுவது பெரிய அளவு. இதயத்துக்குக் கொடுப்பது பெரும்பாலும் 75 மில்லிகிராம். 3-ஆம் பதிலில் சொன்ன திராம்பாக்ஸேனைத் தயாரிக்க, தட்டணுவுக்குக் காக்ஸ்-1 என்ற நொதி வேண்டும். ஆஸ்பிரின் அந்த நொதியில் நிரந்தரமாக ஒட்டி அதை முடக்கிவிடுகிறது. தட்டணுவுக்கு உட்கரு இல்லாததால் புது நொதியைச் செய்துகொள்ள வழியில்லை. அதன் ஆயுள் முழுக்க அந்தச் செய்தியை அனுப்ப முடியாது. மாத்திரை ரத்தத்தில் வெகுநேரம் தங்குவதில்லை. ஆனாலும் ஒரு நாளைக்கு ஒன்று போதுமென்பது இதனால்தான்.

ஆஸ்பிரின் இந்த வகை ரசாயனங்களின் தயாரிப்பைத் தடுக்கிறது என்று காட்டியவர் இங்கிலாந்தின் ஜான் வேன், 1971-இல். திராம்பாக்ஸேனை 1975-இல் ஸ்வீடனில் சாமுவேல்சன் குழு கண்டுபிடித்தது. இவர்கள் இருவருக்கும் பெர்க்ஸ்ட்ராமுக்கும் சேர்த்து 1982-இல் நோபல் பரிசு கிடைத்தது.

7. ஒரே வேலைக்கு ரெண்டு மாத்திரை எதுக்குண்ணே? ஒண்ணைக் குறைச்சா காசாவது மிச்சமாகும்ல?

ஒரே வேலை இல்லை. ஆஸ்பிரின் திராம்பாக்ஸேனை மட்டும் நிறுத்துகிறது. ஏடிபி வழி திறந்தே கிடக்கிறது. குளோபிடோக்ரல், பிராசுக்ரெல், டிகாக்ரெலார் மூன்றும் ஏடிபி வந்து உட்காரும் பி2ஒய்12 என்ற இடத்தை அடைப்பவை. அதனால் ஆஸ்பிரினோடு இந்த மூன்றில் ஒன்றைச் சேர்த்து எழுதுகிறார்கள். காசு முடியவில்லை என்றால் ஒன்றை வெட்டாதீர்கள். விலை குறைந்த ஜெனரிக் இருக்கிறதா என்று கேளுங்கள். அரசு மருத்துவமனையில் எழுதியது என்றால் அங்கேயே இலவசமாகக் கிடைக்கும்.

8. எனக்கு குளோபிடோக்ரல், பக்கத்து பெட்காரருக்கு டிகாக்ரெலார். எது ஒசத்தி?

குளோபிடோக்ரல் வயிற்றுக்குள் போகும்போது வேலை செய்யும் நிலையில் இருக்காது. கல்லீரலில் இருக்கும் சிஒய்பி2சி19 என்ற நொதி அதை மாற்றிக்கொடுக்க வேண்டும். பிறவியிலேயே அந்த நொதி மந்தமாக இருப்பவர்களுக்கு மருந்து சரியாகப் பிடிக்காது. நம் நாட்டில் அப்படிப்பட்டவர்கள் கணிசம். வயிற்றுப்புண்ணுக்குப் போடும் ஒமிப்ரசோலும் இதே நொதியைத் தடுக்கும் என்பதால்தான், இந்தச் சீட்டில் பெரும்பாலும் பான்டோப்ரசோல் இருக்கும்.

டிகாக்ரெலாருக்கு அந்த மாற்றம் தேவையில்லை. வேகமாகவும் பலமாகவும் வேலை செய்யும். 2009-இல் வெளியான பெரிய ஆய்வில், மாரடைப்பு நோயாளிகளிடம் குளோபிடோக்ரலைவிட மேலாகவே இருந்தது. ஆனால் ஒட்டிக்கொண்டே இருக்காது, விலகிவிடும். காலை ஒன்று, இரவு ஒன்று என்று தவறாமல் போட வேண்டும். சிலருக்கு மூச்சு வாங்கும். அப்படி ஆனால் டாக்டரிடம் சொல்லுங்கள், பயந்து நிறுத்திவிடாதீர்கள். பிராசுக்ரெலும் பலமானதுதான். ஆனால் முன்பு பக்கவாதம் வந்தவர்களுக்குக் கொடுக்கமாட்டார்கள். உங்கள் வயது, ரத்தக்கசிவு வாய்ப்பு, செலவு எல்லாம் பார்த்துத்தான் எழுதுகிறார்கள்.

9. ரத்தம் இளக்குற மாத்திரைங்குறாங்களே, என் ரத்தம் தண்ணியாயிருமா?

ஆகாது. ரத்தத்தின் அடர்த்தி மாறுவதில்லை. தட்டணுக்கள் ஒன்றையொன்று எழுப்புவது குறைகிறது, அவ்வளவுதான். சவரம் செய்யும்போது வெட்டினால் நிற்கக் கூடுதல் நேரம் எடுக்கும். தோலில் லேசான கன்றல் வரலாம். மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ, தாங்கமுடியாத திடீர்த் தலைவலி வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், அதையும் டாக்டரிடம் சேர்த்துச் சொல்லுங்கள்.

10. நெஞ்சு வலி வந்தா ஆஸ்பிரினைக் கடிச்சு மெல்லணுமாமே, வீட்லயே போட்டுக்கலாமா?

முதலில் 108-ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமை, வயிற்றில் ரத்தக்கசிவு போன்றவை இல்லாதவருக்கு, மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால் 300 மில்லிகிராம் அளவுக்கு மென்று விழுங்கச் சொல்வார்கள். மென்றால் சீக்கிரம் ரத்தத்தில் சேரும். ஆனால் கை கால் இழுத்துக்கொண்டது, வாய் கோணியது என்றால் கொடுக்கவே கூடாது. மூளையில் ரத்தக்கசிவாகவும் இருக்கலாம்.

தூரத்துக் கிராமத்துக்காரர்கள் பெரிய மருத்துவமனைக்கு நேரே ஓட வேண்டும் என்றில்லை. 2023-இல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றையும் முதல் வேளையாகக் கொடுத்து அனுப்புகிறார்கள். கை நிறைய மாத்திரையைக் கொட்டினார்களே என்று பயந்தவர்கள் உண்டு. தினமும் ஒன்று என்ற கணக்கில் குளோபிடோக்ரல் முழுதாகப் பிடிக்கச் சில நாளாகும். நெஞ்சு அடைத்துக்கொண்டிருப்பவருக்கு அவ்வளவு நேரம் இல்லை. அதனால்தான் 75 மில்லிகிராம் மாத்திரை நான்கை ஒன்றாகக் கொடுக்கிறார்கள்.

இன்னொன்று. "வாய்வுதான், ஒரு சோடா குடிச்சா சரியாயிரும்" என்று படுத்துக்கொள்கிற பழக்கம் நம் பக்கம் ஆழமாக இருக்கிறது. வியர்த்துக் கொட்டி, நெஞ்சு அழுத்தி, தாடைக்கோ இடது கைக்கோ வலி ஏறினால் சோடாவைத் தேடாதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் மூச்சு வாங்கலும் வியர்வையும் மட்டும் வரலாம்.

11. ஊசி போட்டுக் கட்டியக் கரைச்சுட்டாங்க. அப்புறம் எதுக்கு வருசக்கணக்குல மாத்திரை?

ஸ்ட்ரெப்டோகைனேஸ், டெனெக்டிபிளேஸ் போன்ற ஊசிகள் ஃபைப்ரின் வலையைக் கரைக்கின்றன. தட்டணுக்களை ஒன்றும் செய்வதில்லை. கட்டி கரையும்போது அதில் சிக்கியிருந்த திராம்பின் வெளியே வந்து, மறுபடி தட்டணுக்களைத் தூண்டவும் செய்யும். கிழிந்த இடமும் இன்னும் ஆறியிருக்காது.

1988-இல் வெளியான ஐசிஸ்-2 என்ற ஆய்வு 17,187 பேரிடம் நடந்தது. ஐந்து வாரத்தில் இதய, ரத்தக்குழாய்ச் சாவுகள் ஊசியால் மட்டும் 25 சதவீதமும், ஆஸ்பிரினால் மட்டும் 23 சதவீதமும் குறைந்தன. இரண்டும் சேர்ந்தபோது 42 சதவீதம் குறைந்தன. சில ரூபாய் மாத்திரை விலை உயர்ந்த ஊசிக்குச் சமமாக உயிர் காத்தது என்பதை நான் ஒவ்வொரு முறையும் ஆச்சரியத்தோடுதான் சொல்வேன்.

12. ஸ்டென்ட் வச்சாச்சு, நடக்குறேன், மாடி ஏறுறேன். எப்ப நிறுத்தலாம்?

ஸ்டென்ட் ஒரு உலோக வலை. வைத்த புதிதில் அதன் கம்பிகள் ரத்தத்தில் நேரடியாகப் படுகின்றன. 4-ஆம் பதிலில் சொன்ன உள்தோல் அவற்றின் மேல் வளர்ந்து மூடும் வரை, தட்டணுக்கள் வந்து ஒட்ட வாய்ப்பு இருக்கிறது. மருந்து பூசிய ஸ்டென்டில் அந்தத் தோல் வளர்வது இன்னும் மெதுவாகும். அதற்குள் மாத்திரையை விட்டால் ஸ்டென்டுக்குள்ளேயே கட்டி உருவாகலாம். வந்தால் சட்டென்று முழு அடைப்பாகத்தான் வரும், பலர் பிழைப்பதில்லை.

மாரடைப்புக்காக வைத்தவர்களுக்கு இரண்டு மாத்திரையும் பொதுவாக ஒரு வருடம். ரத்தக்கசிவு வாய்ப்பு அதிகமுள்ளவர்களுக்கு டாக்டரே குறைப்பார். அதன் பிறகு ஒரு மாத்திரையாவது பெரும்பாலும் ஆயுளுக்கும் தொடரும்.

13. பல்லு பிடுங்கணும். டாக்டருக்குத் தெரியாம மூணு நாள் நிறுத்திக்கவா?

வேண்டாம். ஒன்றிரண்டு பல் எடுப்பதற்கு, பெரும்பாலும் நிறுத்தாமலேயே பஞ்சை அழுத்தி ரத்தத்தை நிறுத்திவிட முடியும். பல் டாக்டரிடம் மாத்திரைச் சீட்டைக் காட்டுங்கள். தேவைப்பட்டால் அவர் இதய டாக்டரிடம் பேசிக்கொள்வார்.

14. பங்குனிக்கு அலகு குத்துறதா நேர்ந்திருக்கேன். மாத்திரை போட்டுக்கிட்டே குத்தலாமா?

திருப்பரங்குன்றம், சோலைமலை பக்கமிருந்து இந்தக் கேள்வி வருடா வருடம் வருகிறது. வேண்டுதலைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு குத்தினால் ரத்தம் எளிதில் நிற்காது. குத்துவதற்காக மாத்திரையை நிறுத்தினால் 12-ஆம் பதிலில் சொன்ன ஆபத்து. இரண்டுமே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. பால்குடமோ காவடியோகூட, வெயிலில் நீண்ட தூரம் நடக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். இரண்டு மாத்திரைக் காலம் முடிந்த பிறகு நேர்த்திக்கடனைச் செலுத்திக்கொள்ளலாம் என்று வீட்டுப் பெரியவர்களே சொன்னதையும் கேட்டிருக்கிறேன்.

15. முழங்கால் வலிக்கு புரூஃபன் கொடுங்கண்ணே, ஆஸ்பிரின்தான் போடுறேனே, ஒண்ணும் ஆகாதுல்ல?

ஆகும். ஐபுபுரூஃபனும் அதே காக்ஸ்-1 நொதியில்தான் போய் உட்காரும். முதலில் அது இடம் பிடித்துவிட்டால் ஆஸ்பிரினால் ஒட்ட முடியாது. சில மணி நேரத்தில் ஐபுபுரூஃபன் விலகிப் போய்விடும், அதற்குள் ஆஸ்பிரினும் ரத்தத்தில் இருக்காது. வயிற்றில் ரத்தக்கசிவு வாய்ப்பும் ஏறும். டைக்ளோஃபினாக் இதய நோயாளிகளுக்கு இன்னும் வேண்டாதது. தற்காலிக வலிக்கு பாராசிட்டமால் பரவாயில்லை, நீடித்தால் டாக்டரைப் பாருங்கள்.

16. எனக்கு எப்பவும் பிளேட்லெட் கம்மி. அப்ப அட்டாக் வராதுல்ல?

அப்படிச் சொல்ல முடியாது. எண்ணிக்கை வேறு, தூண்டப்படுவது வேறு. எண்பதாயிரம் தட்டணு இருந்தாலும் கிழிந்த இடத்தில் அவை ஒன்றையொன்று எழுப்பினால் கட்டி உருவாகும்.

டெங்குக் காலத்தில் ஸ்டென்ட் வைத்தவருக்குக் காய்ச்சல் வந்தால் அது தனிச் சிக்கல். தட்டணுவும் குறையும், மாத்திரையும் அவற்றை அடக்கும். எந்த எண்ணிக்கையில் எதை நிறுத்துவது என்பதை ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். நிலவேம்புக் கஷாயம் குடித்துக்கொண்டு வீட்டில் காத்திருக்காதீர்கள்.

17. எனக்கு ஒரு நோயும் இல்ல. வயசு அறுவது. முன்னெச்சரிக்கையா தினமும் ஒரு ஆஸ்பிரின் போடலாமா?

முன்பு பலர் அப்படிப் போட்டார்கள். 2018-இல் வந்த பெரிய ஆய்வுகளுக்குப் பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது. இதய நோய் இல்லாத மூத்தவர்களுக்குக் கிடைக்கும் நன்மை சிறியது, ரத்தக்கசிவு அதை ஈடுகட்டிவிடுகிறது. டாக்டர் எழுதாமல் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். பூண்டும் இஞ்சியும் தட்டணுவை லேசாக அடக்கலாம் என்பார்கள். குழம்பில் தாராளமாகப் போடுங்கள், மாத்திரைக்குப் பதிலாக எண்ண வேண்டாம்.

18. அம்மாவுக்கு வால்வு மாத்தி அசிட்ரோம் கொடுக்குறாங்க. அதுவும் எனக்கு எழுதுன மாத்திரையும் ஒண்ணுதானே? தீர்ந்துருச்சுன்னா மாத்திக்கலாமா?

கூடவே கூடாது. அசிட்ரோம், வார்ஃபரின் போன்றவை தட்டணுக்களைத் தொடுவதில்லை. கல்லீரல் செய்யும் உறைகாரணிகளைக் குறைத்து, திராம்பினும் ஃபைப்ரினும் உருவாவதைத் தடுப்பவை. உலோக வால்வில் உருவாகும் கட்டிக்கு அதுதான் சரி, ஆஸ்பிரின் போதாது. ஸ்டென்டில் தட்டணுக்கள்தான் முந்துகின்றன, அங்கே இவை போதாது. அசிட்ரோம் போடுபவர்கள், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனையும் செய்துகொண்டே இருக்க வேண்டும்.

19. தட்டணு தூண்டு காரணின்னே ஒண்ணு இருக்காமே, அதைத் தடுக்க மாத்திரை இல்லையா? (பார்மசி படிக்கும் தம்பி ஒருவர் கேட்டது)

அப்படி ஒரு காரணி இருக்கிறது. 1972-இல் பென்வெனிஸ்ட் குழு அதற்கு அந்தப் பெயரை வைத்தது. வெள்ளணுக்களிலிருந்து வரும் கொழுப்பு வகை ரசாயனம் அது. தட்டணுவைத் தூண்டும், அழற்சியையும் கூட்டும். பெயரைப் பார்த்து இதுதான் தலைமைச் செய்தி என்று நினைத்துவிடாதீர்கள். இதயத் தமனிக் கட்டியில் மருந்து கொடுத்து அடக்கிப் பலன் கண்டது 3-ஆம் பதிலில் சொன்னவற்றைத்தான். இதை அடக்கும் மருந்து எதுவும் மாரடைப்புச் சீட்டில் வருவதில்லை.

20. நேத்து மாத்திரை மறந்துருச்சு. இன்னைக்கு ரெண்டாப் போட்டுக்கவா?

வேண்டாம். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் என்றால் அன்றைக்கே ஞாபகம் வந்தபோது போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அதை மட்டும் போடுங்கள். உடம்பு தினமும் பத்தில் ஒரு பங்கு தட்டணுக்களைப் புதிதாக இறக்குகிறது. ஒரு நாள் தவறினால் அந்தப் புதியவை மட்டும் தடையில்லாமல் சுற்றும். நாலைந்து நாள் விட்டால் பாதிக்குப் பாதி விழித்துக்கொள்ளும். சர்க்கரை உள்ளவர்களுக்குப் புதிய தட்டணுக்கள் இன்னும் வேகமாக வரும். டிகாக்ரெலார் விலகிவிடும் மருந்து என்று 8-ஆம் பதிலில் சொன்னேன், அதில் ஒரு வேளை தவறுவதே கணக்கில் வரும். மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்த அட்டையை வாங்கி வைத்துவிடுங்கள். தீபாவளி, பொங்கல் சமயத்தில் ஊருக்குள் கடை திறந்திருக்காது.